பஸ்ஸுக்குக் கிரெடிட் கிடையாது

கேள்வி: எங்கள் வீடு பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில். கூட்டுக் குடும்பம். என் மகள் பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், முதல் செமஸ்டர். அண்ணன் மகன் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் நான்காண்டுப் பட்டப்படிப்பில் வேதியியல். அவனுக்கும் முதல் செமஸ்டர்தான். அவனுக்கு வாரம் 25 மணி நேர வகுப்பு, 21 கிரெடிட். என் மகளுக்கு 30 மணி நேரம், 23 கிரெடிட். ஐந்து மணி நேரம் கூடுதலாக உட்கார்ந்தும் இரண்டு கிரெடிட்தான் கூடுதல். அதிலும் தமிழுக்கு ஆறு மணி நேர வகுப்பு, மூன்றே கிரெடிட். கணிதத் தாளுக்கு ஐந்து மணி நேரம், ஐந்து கிரெடிட். தமிழ் என்றால் பாதி விலையா? 'ஒரு கிரெடிட்டுக்கு வாரம் மூன்று மணி நேரம் படிக்க வேண்டும்' என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். 23-ஐ மூன்றால் பெருக்கினால் 69 மணி நேரம். அவள் காலை ஐந்தரைக்கு எழுந்து, பாலைச் சொசைட்டியில் ஊற்றிவிட்டுப் பஸ் ஏறுகிறாள். போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. இரவு பன்னிரண்டு வரை எழுதுகிறாள். உண்மையில் யாருக்குச் சுமை அதிகம்? அடுத்த ஆண்டு இங்கேயே மாற்றிவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. அங்கே வாங்கிய கிரெடிட் இங்கே செல்லுமா?

— ஒரு தந்தை

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தோடு மகளின் கால அட்டவணையையும் நகலெடுத்து அனுப்பியிருந்தீர்கள். நன்றி. பல பெற்றோர் 'பாடம் அதிகமாக இருக்கிறது' என்று மட்டும் எழுதுவார்கள்; அதை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. கல்லூரியில் இருந்த காலத்தில் ஒன்பது ஆண்டுகள் கால அட்டவணை போடும் வேலை என் தலையில் இருந்தது. அதனால் ஓர் அட்டவணையைப் பார்த்தால் கை தானாகவே பென்சிலைத் தேடுகிறது.

முதலில் அந்த 69-ஐ இறக்கி வைத்துவிடுவோம். உங்களைப் பயமுறுத்தியது அதுதான்.

கிரெடிட் என்பது ஒரு தாளுக்கான படிப்பு நேரத்தை அளக்கும் அலகு. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் மூன்று மணி நேரம் என்பது அமெரிக்கக் கணக்கு. வகுப்பில் ஒரு மணி, வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி, ஏறத்தாழ 15 வாரம்: இதுதான் அங்கே மத்திய அரசின் விதி. கவனியுங்கள், அந்த மூன்றுக்குள் வகுப்பும் அடக்கம். அதைவிட முக்கியமான சங்கதி, அங்கே நான்காண்டுப் பட்டத்துக்கே 120 கிரெடிட்தான். அதாவது ஒரு செமஸ்டருக்கு 15. மூன்றால் பெருக்கினால் வாரம் 45 மணி நேரம். உங்கள் மகளோ மூன்றே ஆண்டில் 140 கிரெடிட் முடிக்க வேண்டும். நம் கிரெடிட் அவர்களுடையதைவிடச் சிறியது என்பது இதிலிருந்தே தெரிகிறது. கொழிஞ்சாம்பாறையில் இருப்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உங்கள் தாத்தா காலத்தில் அந்தப் பக்கம் நெல்லைப் பறையில் அளந்தார்கள், பொள்ளாச்சிச் சந்தையில் வள்ளத்தில் அளந்தார்கள். பறையின் விலையை வள்ளத்தின் எண்ணிக்கையால் பெருக்கினால் வியாபாரி சிரிப்பான். 69 அப்படி வந்த கணக்குதான்.

இப்படி ஊருக்கு ஓர் அளவு இருப்பது உலக வழக்கம். ஐரோப்பாவில் ஓராண்டுக்கு 60 கிரெடிட், ஒன்றுக்கு 25 முதல் 30 மணி நேரம். பிரிட்டனில் ஆண்டுக்கு 120, ஒன்றுக்குப் பத்து மணி நேரம். நம் நாட்டில் 2023-இல் வந்த தேசிய கிரெடிட் கட்டமைப்பு, ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றல், 40 கிரெடிட் என்று வைத்தது. ஒன்றுக்கு 30 மணி நேரம். அந்த 30 மணி நேரத்தில் வகுப்பு, ஆய்வகம், வீட்டில் படிப்பது, எழுதுவது, தேர்வுக்குத் தயாராவது எல்லாம் அடங்கும். உங்கள் இரண்டு பிள்ளைகளையும் நான் இந்த ஒரே அளவால் அளக்கப்போகிறேன். இருவர் படிப்பும் வேறு வேறு விதிகளின் கீழ் நடந்தாலும், ஒப்பிட ஓர் அளவு வேண்டும் அல்லவா?

அதற்கு முன் ஒரு கிளைக்கதை. இந்தக் கிரெடிட் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆசிரியர்களின் ஓய்வூதியத்திலிருந்து. ஆண்ட்ரூ கார்னகி என்ற எஃகு முதலாளி 1905-இல் கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக 1 கோடி டாலர் கொடுத்தார். பணத்தை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்க, எது உண்மையான கல்லூரி என்று முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது. உயர்நிலைப் பள்ளியில் இத்தனை பாடம் இத்தனை மணி நேரம் படித்தவர்களைச் சேர்ப்பதுதான் கல்லூரி என்றார்கள். ஒரு பாடத்துக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம் ஒரு அலகு ஆயிற்று. 1910-இல் மாரிஸ் குக் என்ற பொறியாளர், கார்னகி கொடுத்த பணத்தில் அமைந்த அறக்கட்டளைக்காகக் கல்லூரிகளின் செலவை ஆராய்ந்து, 'மாணவர் மணி நேரம்' என்ற கணக்கைக் கொண்டுவந்தார். தொழிற்சாலையில் ஒரு பொருளுக்கு எவ்வளவு செலவு என்று பார்ப்பது போல. பிள்ளை எவ்வளவு கற்றது என்று அளக்க இதை யாரும் உண்டாக்கவில்லை. பின்னால் அந்த வேலையும் இதன் தலையில் விழுந்தது. ஓய்வூதியம் வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கு இதில் சிறு குற்ற உணர்ச்சி உண்டு.

சரி, உங்கள் மகளின் அட்டவணைக்கு வருவோம். தமிழ் ஆறு மணி, மூன்று கிரெடிட். ஆங்கிலம் ஆறு மணி, மூன்று. கணித முதன்மைத் தாள் இரண்டு, ஒவ்வொன்றும் ஐந்து மணி, ஐந்து கிரெடிட். இயற்பியல் நாலு மணி, மூன்று. இரண்டு மணி நேரத் தாள் இரண்டு, தலா இரண்டு. மொத்தம் 30 மணி, 23 கிரெடிட். தமிழ்நாட்டின் கலை அறிவியல் கல்லூரிகளில் பரவலாக இருக்கும் அமைப்புதான் இது.

நாளுக்கு ஐந்து மணி, ஆறு நாள் டே ஆர்டர்; அதாவது கிழமை பார்க்காமல் வேலை நாள்களை ஒன்று முதல் ஆறு வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும் சுற்று. செமஸ்டருக்கு 90 வேலை நாள் என்றால் 15 சுற்று. சனிக்கிழமை விடுமுறை விடும் கல்லூரியில் அந்த 15 சுற்று 18 வாரமாக நீளும். இதைப் பின்னால் பார்ப்போம். இப்போது தாள்தாளாகப் போடுங்கள். கணிதத் தாள் ஒன்றுக்கு ஐந்து கிரெடிட், 150 மணி நேரம். வகுப்பு 75 போக வீட்டில் 75. இரண்டு தாளுக்கும் 150. இயற்பியலுக்கு 90, வகுப்பு 60 போக வீட்டில் 30. அந்தச் சிறிய தாள்கள் இரண்டுக்கும் தலா 30.

தமிழுக்கு மூன்று கிரெடிட், 90 மணி நேரம். வகுப்பு ஆறு மணி, 15 சுற்று. அதுவும் 90.

வீட்டில் பூஜ்யம்.

உங்கள் மனத்தாங்கலுக்கு இதுதான் பதில். தமிழுக்குப் பாதி விலை போட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த அளவால் அளந்தால், அந்தத் தாளின் படிப்பு முழுவதும் வகுப்பறைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும். செய்யுளை வாசித்துக் காட்டுவதும், பிள்ளைகளை வாசிக்கச் சொல்வதும், கட்டுரை எழுத வைத்துத் திருத்துவதும் அந்த ஆறு மணிக்குள். ஆங்கிலமும் அப்படியே. கணிதம் வேறு சாதி. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினால், தனியாக உட்கார்ந்து பத்துக் கணக்குப் போட்டால்தான் வரும். அந்தத் தனிமைக்குத்தான் கூடுதல் கிரெடிட். அண்ணன் மகனுக்கும் மொழிப்பாடத்துக்கு மூன்று கிரெடிட் இருக்கும், ஆனால் வகுப்பு இத்தனை மணி இருக்காது. மீதியை அவன் வீட்டில்தான் படித்தாக வேண்டும். அவனுக்கு வாய்க்காத ஒன்று உங்கள் மகளுக்குக் கிடைத்திருக்கிறது என்றுகூடச் சொல்வேன்.

ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இந்த அளவை நினைத்துக்கொண்டு யாரும் ஆறு மணி நேரம் வைக்கவில்லை. உதவிப் பேராசிரியர் வாரம் 16 மணி நேரம் நேரடியாகப் பாடம் எடுக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதி. ஒரு துறையில் எத்தனை பணியிடம் என்பதை வகுப்பு மணி நேரத்தை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். ஆறு மணியை நாலாக்கினால் எங்கோ ஒரு நாற்காலி ஆடும். நான் அட்டவணை போட்ட காலத்தில் ஒரு பெரிய அட்டை வைத்திருந்தேன். ஆசிரியர் பெயர் எழுதிய வண்ணத் துண்டுகளைக் குண்டூசியால் குத்துவேன். அதில் ஆசிரியருக்குக் கட்டம் உண்டு, அறைக்கு உண்டு, ஆய்வகத்துக்கு உண்டு. மாணவரின் மாலை நேரத்துக்கு ஒரு கட்டம் இல்லை. ஒன்பது ஆண்டில் எனக்கும் அது தோன்றவில்லை. ஒரு முறை நான்கு துறைகள் ஒரே வெள்ளிக்கிழமையை ஒப்படைப்பு நாளாக அறிவித்தன. வியாழன் இரவு விடுதியில் விளக்கு அணையவில்லை என்று காப்பாளர் வந்து சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

கிரெடிட் என்பது மாணவரின் நேரத்தைக் குறிக்கிறது என்று காகிதத்தில் இருக்கிறது. நடப்பில் அதை ஆசிரியரின் நேரத்திலிருந்துதான் வெட்டி எடுக்கிறோம். வகுப்பு மணியை எண்ணுகிறவர்கள் பலர். வீட்டு மணியை எண்ண ஆள் கிடையாது.

ஆகவே நாமே எண்ணுவோம். உங்கள் மகளுக்கு 23 கிரெடிட், 690 மணி நேரம். வகுப்பு 450 போக, வீட்டுக்கு 240. அண்ணன் மகனுக்கு 21 கிரெடிட், 630 மணி நேரம். வாரம் 25 மணி, பாடத்திட்டப்படி 15 வாரம் என்றால் வகுப்பு 375. அது போக வீட்டுக்கு 255. பார்த்தீர்களா? வகுப்பு குறைவாக இருப்பதால் அவன் படிப்பு லேசு என்று வீட்டில் யாராவது சொன்னால் அது தப்பு. காகிதப்படி வீட்டில் அவனுக்குத்தான் 15 மணி நேரம் அதிகம். கேரளத்தில் 2024 ஜூலையில் தொடங்கிய இந்த நான்காண்டுப் படிப்பில் மூன்றாண்டோடு நிறுத்தினால் 133 கிரெடிட், நான்காண்டும் முடித்தால் 177. தமிழ்நாட்டின் 140-க்கும் அந்த 133-க்கும் பெரிய தூரம் இல்லை.

மகளின் 240-ஐ 18 வாரத்தால் வகுத்தால் வாரம் 13 மணிச் சொச்சம். ஞாயிறை விட்டுவிட்டால் நாளுக்கு இரண்டேகால் மணி. மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் ஒன்பதுக்கு முன் முடியும் வேலை இது. அவள் ஏன் பன்னிரண்டு வரை எழுதுகிறாள்?

'படிக்கிறாள்' என்று நீங்கள் சொல்லவில்லை, 'எழுதுகிறாள்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில் எனக்கு ஒரு சந்தேகம். ரெக்கார்டு நோட்டு. செய்முறைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட் என்பது பழைய வழக்கம். சொற்பொழிவு வகுப்பில் பாதி மதிப்புதான். காரணம், செய்முறை வேலை ஆய்வகத்திலேயே முடிந்துவிடும், வீட்டுக்கு வராது என்ற அனுமானம். நம் ஊரில் அது வீட்டுக்கு வருகிறது. சோதனைக்கு நோக்கம், தேவையான கருவிகள், வாய்பாடு, செயல்முறை என்று மூத்த மாணவியின் நோட்டைப் பார்த்து வரிக்கு வரி பிரதி எடுப்பார்கள். இடப்பக்கம் பென்சிலில் படம். அளவுகோல் வைத்து நான்கு பக்கமும் ஓரக்கோடு. பொள்ளாச்சி பஸ் நிலையத்தில் ஒரு மாலை, மடியில் பையை வைத்து அதன் மேல் நோட்டை விரித்து, பஸ் உறுமும்போதெல்லாம் பென்சிலைத் தூக்கித் தூக்கி ஓரக்கோடு போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். என்ன சோதனை என்று கேட்டேன். "தெரியவில்லை ஐயா, கோடு மட்டும் இன்றைக்கு முடிக்கிறேன்" என்றாள். அந்தக் கோட்டுக்குக் கிரெடிட் இல்லை. அதனால் ஊசல் ஏன் ஆடுகிறது என்பதும் விளங்காது.

ஒரு வாரம் இதைச் செய்யுங்கள். அவளிடம் ஒரு சிறு காகிதம் கொடுங்கள். ஒவ்வொரு நாளும் எந்தத் தாளுக்கு எத்தனை நிமிடம், அதில் கணக்குப் போட்டதும் புரிந்து படித்ததும் எவ்வளவு, பிரதி எடுத்தது எவ்வளவு என்று அவளே குறிக்கட்டும். நீங்கள் மேற்பார்வை பார்க்க வேண்டாம்; பெண்பிள்ளைகள் அப்பா பார்க்கிறார் என்றால் நல்ல எண்ணாக எழுதிவிடுவார்கள். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வீட்டில் வாரம் ஐந்து மணி போகிறது என்று தெரிந்தால், அவள் தன் வகுப்பாசிரியரிடம் அந்தக் காகிதத்தோடு பேசலாம். எத்தனை ஒப்படைப்பு, எந்தத் தேதி என்பதெல்லாம் ஆசிரியர்கள் நினைத்தால் ஒரே நாளில் மாற்றக்கூடியவை. 'சுமையாக இருக்கிறது' என்றால் 'எங்கள் காலத்தில்' என்று ஆரம்பிப்பார்கள். எண்ணைக் காட்டினால் அப்படிப் பேச வராது. நானும் அப்படி ஆரம்பித்தவன்தான்.

நேரம் போதாத வாரத்தில் எதை முன்னால் வைப்பது என்றும் ஒரு வார்த்தை. எல்லாத் தாளையும் அதனதன் கிரெடிட் எடையோடு சேர்த்துச் சராசரி எடுத்தால், ஐந்து கிரெடிட் தாளில் ஒரு தரப்புள்ளி உயர்ந்தால் மொத்தத்தில் 0.22 ஏறும், இரண்டு கிரெடிட் தாளில் அதே ஒரு புள்ளிக்கு 0.09. கணிதத்தை ஒதுக்கிவிட்டுச் சிறிய தாளின் ஒப்படைப்புக்கு வண்ண அட்டை போட்டுக்கொண்டிருந்தால் நஷ்டம். ஆனால் சிறிய தாளில் அரியர் விழுந்தால் பட்டம் நிற்கும். அதையும் அவள் மறக்கக் கூடாது.

இனி மாற்றுவது பற்றி. மானியக் குழு 2021-இல் கொண்டுவந்த கிரெடிட் வங்கி என்று ஒன்று இருக்கிறது. பதிவு செய்த நிறுவனங்களில் வாங்கிய கிரெடிட் அதில் ஏழு ஆண்டு வரை இருக்கும். வங்கி என்ற பெயரைப் பார்த்து, பணத்தைப் போலப் பொள்ளாச்சியில் போட்டுச் சித்தூரில் எடுக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகம் எண்ணிக்கையோடு நிற்காது, பாடத்திட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும். கேரளத்தில் முதல் ஆண்டிலேயே முதன்மைப் பாடத்தோடு இரண்டு துணைமைப் பாடம் படிக்கிறார்கள். உங்கள் மகளின் அட்டவணையில் அந்த இடத்தில் இயற்பியல் ஒன்றுதான் இருக்கிறது. விடுபட்டதைப் பின்னால் சேர்த்துப் படிக்கச் சொல்வார்கள். இடம் காலியாக இருக்கவும் வேண்டும். கிரெடிட் குறைகிறதே என்ற ஒரே காரணத்துக்காக என்றால் மாற்றாதீர்கள் என்பேன். 240-க்கும் 255-க்கும் நடுவில் ஒன்றும் இல்லை.

வேறொரு காரணம் இருக்கிறது. நீங்கள் அதைக் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். போக ஒன்றேகால், வர ஒன்றேகால். நாளுக்கு இரண்டரை மணி நேரம், 90 நாள். 225 மணி நேரம். வீட்டில் படிக்க வேண்டிய மொத்த நேரத்துக்கு ஏறத்தாழ சமம். நம் அளவில் போட்டால் ஏழரைக் கிரெடிட். அதாவது உங்கள் மகள் 23 கிரெடிட் படிக்கவில்லை, முப்பதரை சுமக்கிறாள். யாருக்குச் சுமை அதிகம் என்று கேட்டீர்களே, வீட்டில் படிக்க வேண்டியதில் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். பஸ்ஸில்தான் அவளுக்கு அதிகம். எந்த மதிப்பெண் பட்டியலிலும் அது வராது. பஸ்ஸில் படிக்கலாமே என்று சொல்வார்கள். உட்கார இடம் கிடைத்தால் தமிழ்ப் பாடம் வாசிக்கலாம். வகைநுண்கணிதம் போட முடியாது. கல்லூரியில் வகுப்பு முடிந்ததும் அடுத்த பஸ்ஸுக்கு ஓடாமல் ஒரு மணி நேரம் நூலகத்தில் உட்கார்ந்து கணக்கை முடித்துவிட்டுக் கூட்டம் குறைந்த பஸ்ஸில் வரலாமா என்று அவளிடம் கேளுங்கள். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு, சோதனைச் சாவடியிலிருந்து வீடு வரை வெளிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

காலை ஐந்தரைக்கு ஆரம்பிக்கும் வேலை ஒன்றும் மிச்சம் இருக்கிறது. அண்ணன் மகனின் கல்லூரி பக்கத்தில்தானே? செமஸ்டர் முடியும் வரை பால் கேனை அவன் சொசைட்டிக்குக் கொண்டுபோகட்டும். வீட்டில் அண்ணனிடம் பேசுவது சங்கடமாக இருந்தால், இந்தக் கணக்கை அவர் பார்க்கும்படி வைத்துவிடுங்கள்.